வேகத்துக்கு ஒரு பொத்தான் இல்லை

மாக் 5 காரின் ஸ்டீயரிங்கில் ஏழு பொத்தான்கள். ஏ முதல் ஜி வரை எழுத்துப் போட்டவை. முதல் பொத்தானை அமுக்கினால் அடியிலிருந்து ஜாக்கிகள் இறங்கி வண்டியை அப்படியே மேலே தூக்கும். இரண்டாவது, டயர்களின் மேல் பட்டைகளை இறுக்கிச் சேற்றிலும் பனியிலும் மலைச்சரிவிலும் பிடி கொடுக்கும். மூன்றாவது, முன்பக்கத்திலிருந்து வட்ட ரம்பங்களை நீட்டி, வழியை அடைத்துக் கிடக்கும் மரங்களை அறுக்கும். நான்காவது, ஓட்டுகிறவன் தலைக்கு மேல் குண்டு துளைக்காத கண்ணாடிக் கூட்டை மூடும். ஐந்தாவது, இருட்டில் வழி காட்டும் விசேஷ விளக்குகளுக்கு. ஆறாவதை அமுக்கினால் கார் தண்ணீருக்கடியில் போகும். உள்ளே இருப்பவன் மூச்சுவிடக் காற்று வரும். ஏழாவது பொத்தான், பறவை வடிவில் ஒரு சிறிய இயந்திரத்தைப் பறக்கவிடும். மற்ற ஆறும் கைகொடுக்காத இடத்திலிருந்து அது சேதி கொண்டுபோகும்.

ஏழில் ஒன்றுகூட வண்டியை வேகமாக ஓட வைப்பதற்கில்லை.

1967 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கி 52 வாரம் ஓடிய ‘மாக் கோகோகோ’ என்ற கார்ட்டூன் தொடரில் வரும் கார் இது. ஆங்கிலத்தில் ‘ஸ்பீட் ரேசர்’ என்ற பெயரில் உலகம் சுற்றியது. சிறுவயதில் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பொத்தான்கள் வித்தை. எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவான் என்று காத்திருப்பதுதான் சுவாரசியமே. வயது ஏறிய பிறகு அதே தொடரைப் பார்த்தால் அந்த ஏழும் வேறு மாதிரித் தெரிகின்றன. வண்டி எங்காவது மாட்டிக்கொண்டால்? சறுக்கினால்? வழி அடைபட்டால்? யாராவது சுட்டால்? இருட்டிவிட்டால்? ஆற்றில் விழுந்துவிட்டால்? எதுவுமே பலிக்காமல் போனால்? தூக்கம் வராத ஒரு தகப்பன் ராத்திரி பூராவும் ஒவ்வொன்றாக நினைத்து, விடிந்ததும் பட்டறைக்குப் போய் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாகம் செய்து பொருத்தியிருக்கிறான்.

அந்தத் தகப்பன் பெயர் மிஃபுனே டைசுகே. கற்பனை மனிதர். பருத்த உடம்பு, அடர்ந்த மீசை, சட்டென்று மூக்குக்கு மேல் வரும் கோபம். ஒரு கம்பெனியில் என்ஜினியராக இருந்து, தான் வடிவமைத்த புதிய என்ஜினை மேலதிகாரிகள் மதிக்காததால் வெளியே வந்து சொந்தமாகப் பட்டறை போட்டவர். ஆங்கில வடிவத்தில் அவரை ‘பாப்ஸ் ரேசர்’ என்பார்கள். மகன் கோ ரேஸ் ஓட்டுகிறான். அவர் கட்டிய காரைத்தான் ஓட்டுகிறான். அவன் ரேஸ் ஓட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்கிறார், திட்டுகிறார், தடுக்கப் பார்க்கிறார். ஆனால் உலகத்திலேயே சிறந்த காரை அவனுக்குக் கட்டிக்கொடுத்திருப்பவரும் அவர்தான். இந்த முரண்பாட்டைத் தொடர் எங்கேயும் விளக்க முயலவில்லை. விளக்காமல் விட்டது நல்லதாயிற்று. ஓடக்கூடாது என்பதும், ஓடினால் இதில்தான் ஓட வேண்டும் என்பதும் அவர் மனதில் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பிள்ளை பெற்றவர்களுக்கு அதில் புரியாமல் போக ஒன்றுமில்லை.

தொடரை உருவாக்கியவர் தட்சுவோ யோஷிதா. தம்பிகள் இருவருடன் சேர்ந்து 1962இல் தட்சுனோகோ நிறுவனத்தைத் தொடங்கியவர். எல்விஸ் பிரெஸ்லி ரேஸ் டிரைவராக நடித்த ‘விவா லாஸ் வேகாஸ்’ படமும், ஜேம்ஸ் பாண்டின் ‘கோல்ட்ஃபிங்கர்’ படமும் இந்தக் கதைக்கு உந்துதல் தந்தன. ‘கோல்ட்ஃபிங்கர்’ பார்த்தவர்களுக்கு அந்த ஆஸ்டன் மார்ட்டின் மறக்காது. முன்விளக்குக்குப் பக்கத்திலிருந்து நீளும் துப்பாக்கிகள், பக்கத்தில் இருப்பவனைக் கூரை வழியாக வெளியே வீசும் இருக்கை. க்யூ என்கிற அதிகாரி அரசாங்கச் சம்பளத்தில் செய்துகொடுத்தது. யோஷிதா அந்த யோசனையை வாங்கிக்கொண்டு, செய்பவரை மாற்றிவிட்டார். அரசு அதிகாரியின் இடத்தில் அப்பா வந்தார். செய்கிறவர் மாறியதும் செய்பொருளும் மாறியது. பாண்டின் கார் எதிரிகளை நினைத்துச் செய்தது. மாக் 5 உள்ளே உட்கார்ந்திருக்கிறவனை நினைத்துச் செய்தது.

அந்த வருடங்களின் ஜப்பானையும் நினைத்துக்கொள்ள வேண்டும். சுசுகா டிராக் 1962இல் திறந்தது. அடுத்த ஆண்டு அங்கே முதல் ஜப்பானிய கிராண்ட் பிரீ. 1964இல் ஹோண்டா ஃபார்முலா ஒன்னுக்குள் வந்தது. மறு ஆண்டே மெக்சிகோவில் ரிச்சி கிந்தர் ஓட்டிய ஹோண்டா ஜெயித்தது. போரில் நொறுங்கிப்போன நாடு இருபதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் வண்டிகளை முந்தியது. பையன்களுக்கெல்லாம் கார் பைத்தியம். அதே சாலைகளில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டும் இருந்தார்கள். ஜப்பானியர்களே அதைப் போக்குவரத்துப் போர் என்று சொன்னார்கள். 1970இல் மட்டும் 16,765 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். கார் என்றால் பெருமை, கார் என்றால் சாவு; இரண்டும் ஒரே வீட்டுக் கூடத்தில், ஒரே தொலைக்காட்சிப் பெட்டி வழியாக வந்து சேர்ந்த காலம் அது. மிஃபுனே டைசுகே அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கான அப்பாக்களின் பிரதிநிதி. என்ன, அவர்களில் பலர் விடிகாலையில் கம்பெனிக்குப் போய்ப் பிள்ளைகள் தூங்கிய பிறகு திரும்புகிறவர்கள். இவர் வீட்டோடு ஒட்டிய பட்டறையில், பிள்ளைகள் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பவர்.

முதல் கதையிலேயே ஓர் அருமையான இடம் வருகிறது. டைசுகே வடிவமைத்த என்ஜினின் வரைபடத்தைத் திருட ஒரு கும்பல் அலைகிறது. அவர் அதைக் காகிதத்தில் வைக்காமல், கண்ணுக்குத் தெரியாத மையால் மாக் 5இன் முன் கண்ணாடியில் எழுதிவிடுகிறார். மகன் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்த்து ஓட்டுகிறான். அப்பாவின் கணக்கு முழுவதும் கண் முன்னால் இருக்கிறது. அவன் கண்ணுக்குத் தெரிவதோ சாலை மட்டும். சிறுவர் தொடருக்குக் கதை எழுதிய யாரோ ஒருவருக்கு, அவசரமான ஒரு மத்தியானத்தில் இந்த யோசனை வந்திருக்க வேண்டும். பெரிய நாவலாசிரியர்களுக்குக்கூட எளிதில் சிக்காத இடம்.

ஆனால் நான் அதிகம் யோசித்தது மூத்த மகனைப் பற்றித்தான்.

கோவுக்கு ஓர் அண்ணன் உண்டு. கெனிச்சி. அப்பா கட்டிய காரில் அவன் தன் முதல் பந்தயத்தை ஓட்டுகிறான். முன்னணியில் போகிறவன் கட்டுப்பாட்டை இழந்து வண்டியை நொறுக்கிவிடுகிறான். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. டைசுகே ஓடி வருகிறார். வந்தவர் மகனிடம், நீ இன்னும் பக்குவப்படவில்லை, ரேஸ் ஓட்டுவதற்கு உனக்குத் தகுதி வரவில்லை என்று சத்தம் போடுகிறார். கெனிச்சி வீட்டை விட்டுப் போய்விடுகிறான். பிறகு முகமூடி போட்ட ரேஸ் டிரைவராகத் திரும்பி வருகிறான். தம்பி ஓடும் பந்தயங்களில் தானும் ஓடி, அவனுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் காப்பாற்றிவிட்டு, யாரென்று சொல்லாமல் போய்விடுகிறான். ஆங்கிலத் தொடரில் அவன் வரும்போதெல்லாம் பின்னணிக் குரல், இவன்தான் வீட்டை விட்டுப் போன அண்ணன், இது தம்பிக்குத் தெரியாது என்று நமக்கு மறுபடி மறுபடி ஞாபகப்படுத்தும். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம் அந்த வீட்டில் தெரியாது. அப்பாவும் மூத்த மகனும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசித் தீர்த்துக்கொள்ளும் காட்சி ஒன்றைத் தொடர் நமக்குத் தரவேயில்லை.

டைசுகே சொன்னதில் பொய் இல்லை. பையன் பக்குவப்படாமல்தான் இருந்தான். வண்டி நொறுங்கிக் கிடப்பதே அதற்குச் சாட்சி. என்ஜினியராக அவர் தீர்ப்பு சரி. நான் இந்த இடத்தைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பட்டறையில் வளர்ந்த அன்புக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. என்ஜின் கழற்றிப் போட்டால், கண் முதலில் தேடுவது தேய்மானத்தை. கீறல் எங்கே, வெடிப்பு எங்கே, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது? சரியாக இருக்கும் பாகத்தைத் துடைத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. குறையைப் பார்த்துச் சொல்வதுதான் அங்கே அக்கறை. ஒரு குறையைத் தவறவிட்டால் ஓர் ஆள் சாவான். இருபது முப்பது வருடம் அப்படியே பழகிய கண், வண்டியிலிருந்து இறங்கும் மகனையும் அதே மாதிரித்தான் பார்க்கும். அவர் அக்கறையாகச் சொன்னது அவன் காதில் குறையாக விழும். இரண்டு பேரும் நேர்மையாகத்தான் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பிரிவைச் சேர்த்துவைப்பது இவ்வளவு கஷ்டம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்கள் இதை நேரிலேயே பார்க்கலாம். ஃபார்முலா எல்ஜிபி பந்தயம் முடிந்து வண்டிகள் உள்ளே வருகின்றன. ஒரு பையன் ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். பதினேழு வயது இருக்கும். முடி வேர்வையில் ஒட்டிக்கிடக்கிறது. மூன்றாவதாக வந்திருக்கிறான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. முன் டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சுடச்சுட இருக்கும் ரப்பரின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார்.

“கடைசி லேப்ல அந்த ரைட்ல ஏன் லிஃப்ட் பண்ணே?”

“லிஃப்ட் பண்ணலப்பா.”

“டேட்டாவைப் பாரு. பண்ணிருக்கே.”

லிஃப்ட் என்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. பையன் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போகிறான். அப்பா இன்னும் டயரைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். அந்த விரலில் எவ்வளவு பாசம் இருக்கிறது என்பது தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரிகிறது. டயர் உள்பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் வீலின் சாய்மானம் சரியில்லை என்று அர்த்தம். சரியில்லாத சாய்மானத்தோடு அடுத்த பந்தயத்தில் வேகமாகத் திரும்பினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். பையனுக்குத் தெரிந்ததோ, மூன்றாவதாக வந்ததற்கு அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான்.

நிஜ உலகத்தில் இந்தக் கதையின் உச்சம் வெர்ஸ்டாப்பன் வீட்டுக் கதை. யோஸ் வெர்ஸ்டாப்பன் தானே ஃபார்முலா ஒன் ஓட்டியவர். ஓட்டுவதை விட்ட பிறகு மகன் மாக்ஸுக்கு மெக்கானிக் ஆனார். கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டிகளின் என்ஜின்களை அவரே பிரித்து, அவரே டியூன் செய்து, வேனில் ஏற்றி, மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுக்க ஓட்டினார். 2012இல் இத்தாலியில், நேப்பிள்ஸ் பக்கம் சார்னோவில் கார்ட் உலகப் போட்டி. மாக்ஸுக்குப் பதினான்கு வயது. அந்த வார இறுதியில் அவனை விட வேகமானவன் யாரும் இல்லை. இறுதிப் பந்தயத்தில் ஒருவன் முந்திவிட, பொறுக்காமல் உடனே திரும்ப முந்தப் பார்த்து மோதி வெளியேறினான். யோஸ் கோபத்தில் கூடாரத்தைத் தனியாகவே கழற்றி வேனில் போட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகன் அந்த மோதலைப் பற்றிப் பேச்செடுக்க, ஒரு பெட்ரோல் பங்கில் அவனை இறக்கிவிட்டுப் போய்விட்டார். பிறகு திரும்பி வந்து ஏற்றிக்கொண்டார். ஒரு வாரம் பேசவில்லை. இரண்டு பேருமே இதை வெளியில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு மாக்ஸ் உலகப் பட்டத்தை ஜெயித்தான். பதினேழு வயதில் ஃபார்முலா ஒன். 2021 முதல் தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியன்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா, கண்டிப்பு பலித்தது என்று முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. பட்டம் ஜெயித்த பையன் ஒருவனுக்குப் பின்னால், பெட்ரோல் பங்கில் நின்றதோடு எல்லாம் முடிந்துபோன பையன்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் கதையை யாரும் எழுத வருவதில்லை. கெனிச்சியும் முகமூடியோடு உலகத்தின் மிகச் சிறந்த டிரைவர்களில் ஒருவன் ஆனான். அதனால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவன் இடம் நிரம்பிவிட்டதா?

ஆண்டனி ஹாமில்டன் வேறொரு வழி கண்டார். ரயில்வே துறையில் வேலை பார்த்தவர், மகன் லூயிஸுக்காக ஒரே சமயத்தில் பல வேலைகளுக்குப் போனவர், பழைய கார்ட் ஒன்றை வாங்கித் தானே தயார்செய்து கொடுத்தவர். ரேஸ் ஓட்டிய அனுபவம் அவருக்குக் கிடையாது. ஆகவே பார்த்துக் கற்றுக்கொண்டார். ரை ஹவுஸ் டிராக்கில் வளைவுக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். இருப்பதிலேயே வேகமான பையன் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறான் என்று கவனிப்பார். அதைத் தாண்டிச் சில அடி நடந்து போய் நின்று, மகனிடம் இங்கே பிரேக் பிடி என்று காட்டுவார். லூயிஸ் முதலில் சுற்றிக்கொண்டு வெளியே போவான். மறுபடி வருவான். பின்னாளில் அவனுடைய தனி அடையாளமாக உலகம் பேசிய அந்தப் பிரேக், அப்பா நின்ற இடம்தான். நீ தப்பு செய்தாய் என்று சொல்வதற்குப் பதிலாக, தான் போய் அந்த இடத்தில் நிற்பது. வேகமாக வரும் வண்டிக்குப் பக்கத்தில், மகன் பார்வை படும் இடத்தில். அவர்களுக்கும் பிணக்கு வந்தது. 2010இல் தொழில்முறையில் பிரிந்தார்கள். எனக்கு ஒரு மேலாளர் வேண்டாம், அப்பா வேண்டும் என்ற மகனின் ஏக்கம்தான் அந்தப் பிரிவுக்குப் பின்னால் இருந்தது.

ஜப்பானியக் கற்பனையிலேயே டைசுகேக்குச் சரியான எதிர்நிலை ஒருவர் உண்டு. 1995இல் ஷூஇச்சி ஷிகேனோ எழுதத் தொடங்கிய ‘இனிஷியல் டி’ சித்திரக்கதையில் வரும் புன்தா ஃபுஜிவாரா. மலையூரில் டோஃபு கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் அந்த மலைப்பாதையின் மன்னன். மகன் டகுமியைச் சின்ன வயதிலிருந்தே விடிகாலையில் டோஃபு கொண்டுபோய்க் கொடுக்க மலைமேல் அனுப்புகிறார். காரில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிடுவார். தண்ணீர் சிந்தாமல் ஓட்டு என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த மொத்தப் பாடமும். எடை எப்படி முன்னும் பின்னும் மாறுகிறது, எவ்வளவு மெல்ல ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தண்ணீரே பையனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

ஒரு பந்தயத்தில் அந்தக் கார் என்ஜின் வெடித்து நின்றுவிடுகிறது. அப்பாவின் வண்டியைப் பாழாக்கிவிட்டோமே என்று டகுமி உடைந்துபோய் நிற்கிறான். கெனிச்சி நின்ற அதே இடம். புன்தா லாரியோடு வந்து சேர்கிறார். அந்த என்ஜினின் ஆயுள் முடியப்போகிறது என்று அவருக்கு முன்பே தெரியும். மாற்று என்ஜினையும் ஏற்கெனவே தேடி வைத்திருக்கிறார். உன் குற்றம் இல்லை, அதன் காலம் முடிந்துவிட்டது என்பதுதான் அவர் சொல்வதன் சாரம். வண்டியை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போகிறார்கள். இவரும் குறையைப் பார்க்கத் தெரிந்தவர்தான். கொஞ்சம் முன்னதாகவே பார்த்துவிட்டார். அது இரும்பில் இருக்கிறது, பிள்ளையில் இல்லை என்று பிரித்துச் சொல்லவும் அவருக்கு முடிந்தது. 1967க்கும் 1995க்கும் இடையில் ஜப்பானிய அப்பாக்கள் அவ்வளவு மாறிவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அப்படி ஓர் அப்பா வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகள் அதற்குள் எழுத்தாளர்களாக வளர்ந்துவிட்டார்கள் என்று மட்டும் தோன்றுகிறது.

வச்சோவ்ஸ்கிகள் 2008இல் ‘ஸ்பீட் ரேசர்’ கதையைத் திரைப்படமாக எடுத்தார்கள். ஜான் குட்மன் அப்பாவாக வருகிறார். பெரிய செலவில் எடுத்து, வந்தபோது ஓடாத படம். மிட்டாய்க் கடை போலக் கண்ணைப் பறிக்கும் நிறங்களுக்கு நடுவே, இரண்டு காட்சிகளுக்காக நான் அதை மதிக்கிறேன். ஒன்றில் மூத்த மகன் கிளம்பும்போது அப்பா, இப்போது போனால் திரும்பி வராதே என்கிறார். அவன் திரும்பி வருவதில்லை. ஒரு பந்தயத்தில் இறந்துவிட்டதாகச் செய்திதான் வருகிறது. பல வருடம் கழித்து இளையவன் ஒரு ராத்திரி அதேபோல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். அப்பா வந்து நிற்கிறார். இந்த முறை தடுக்கவில்லை. முன்பு தான் செய்தது தப்பு என்கிறார். எப்போது வேண்டுமானாலும் வரலாம், வாசல் உனக்கு அடைக்காது என்று சொல்லி அனுப்புகிறார். குட்மனின் பெரிய உடம்பு அந்தக் காட்சியில் சற்றுச் சுருங்கித் தெரிகிறது. கார்ட்டூனில் டைசுகேக்கு வாய்க்காத பேச்சு, நாற்பது வருடம் கழித்து, வேறு நாட்டில், வேறு முகத்தில் வாய்த்தது.

இதுவரை சொன்னவர்களுக்கெல்லாம் குறை தேட ஒரு வண்டி இருந்தது. ஜான் சர்டீஸுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று.

மோட்டார் சைக்கிளிலும் காரிலும் உலகப் பட்டம் ஜெயித்த ஒரே மனிதர் அவர். இரண்டு சக்கரத்தில் ஏழு பட்டங்கள், 1964இல் ஃபெராரியோடு ஃபார்முலா ஒன் பட்டம். அப்பா ஜாக், தெற்கு லண்டனில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பதினான்கு வயதில் அப்பா ஓட்டிய வண்டியின் சைடுகாரில் உட்கார்ந்து முதல் பந்தயத்தை ஜெயித்தார் ஜான். வயது தெரிந்ததும் அதிகாரிகள் வெற்றியைப் பறித்துவிட்டார்கள். பிறகு வின்சென்ட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் தொழில் பழகினார். 1970இல் தன் பெயரிலேயே அணி தொடங்கி, சொந்தமாக ஃபார்முலா ஒன் கார்கள் கட்டினார். உடம்பெல்லாம் என்ஜினியர். ஐம்பத்தேழு வயதில் ஹென்றி பிறந்தான். பிள்ளை கார்ட் ஓட்ட ஆரம்பித்ததும் பழையபடி கையில் ஸ்பேனரை எடுத்தார்.

2009இல் பதினெட்டு வயது ஹென்றி ஃபார்முலா டூவில் ஓடினான். அந்தப் போட்டியின் ஏற்பாடு வித்தியாசமானது. எல்லாருக்கும் ஒரே கார்; வில்லியம்ஸ் நிறுவனம் செய்தது. தனித்தனி அணிகள் கிடையாது. எல்லா வண்டிகளையும் போட்டியை நடத்துகிறவர்களே பராமரித்தார்கள். செலவைக் குறைக்கவும், பணக்காரப் பிள்ளைக்குத் தனிச் சலுகை கிடைக்காமல் இருக்கவும் அப்படி வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உலகத்திலேயே அந்த மாதிரி வண்டிகளை நன்றாக அறிந்த அப்பாக்களில் ஒருவருக்கு, மகன் வண்டியில் கைவைக்க இடம் இல்லை. மற்ற அப்பாக்களைப் போலப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியும்.

ஜூலை 18, சனிக்கிழமை, கென்ட் பகுதியில் உள்ள பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக்கில் ஹென்றி மூன்றாவதாக வந்து மேடை ஏறினான். மறுநாள் பந்தயத்தில், அவனுக்கு முன்னால் போன ஒரு கார் தடுப்பில் மோதியது. அதன் சக்கரம் ஒன்று பிய்த்துக்கொண்டு, துள்ளி டிராக்கின் குறுக்கே வந்து, ஹென்றியின் தலையில் விழுந்தது. ஹெலிகாப்டரில் லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

ஒரு நொடி முன்னே பின்னே வந்திருந்தால் சக்கரம் வெறும் காற்றில் போயிருக்கும். பையன் தப்பு செய்யவில்லை. அவன் வண்டியிலும் பழுது இல்லை. அப்பா எதையும் கவனிக்காமல் விட்டுவிடவும் இல்லை. தேய்ந்த பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றியே வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு, மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லாத மரணம். மாக் 5இன் நான்காவது பொத்தான் மூடும் கண்ணாடிக் கூட்டைப் போலத் தலைக்கு மேல் ஏதாவது ஒரு காப்பு வேண்டும் என்று பேச்சு எழுந்தது. ஒரு வாரத்தில் ஹங்கேரியில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஃபெலிப்பே மாஸாவின் தலையில் வேறொரு காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் அடித்ததும் அந்தப் பேச்சு வலுத்தது. ஓட்டுநரின் தலையைச் சுற்றி வரும் ‘ஹாலோ’ வளையம் ஃபார்முலா ஒன்னில் கட்டாயமானது 2018இல். இன்று ஃபார்முலா பந்தயம் பார்க்கிறவர்கள் அந்த வளையம் இல்லாத காரைப் பார்த்தால் பதறிப்போவார்கள். யோஷிதாவின் கூட்டத்தார் 1967இல் பென்சிலால் வரைந்த பயத்துக்கு, நிஜ உலகம் தைட்டானியத்தில் பதில் செய்ய ஐம்பத்தொரு வருடம் ஆயிற்று.

சர்டீஸ் துக்கத்தில் உட்கார்ந்துவிடவில்லை. மகன் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். தலையில் அடிபட்டவர்களுக்கு உதவி, மோட்டார் தொழில் கற்க விரும்பும் இளைஞர்களுக்குப் பயிற்சி என்று அது பல வேலைகளில் இறங்கியது. அவற்றில் ஒன்றில் அவருடைய பட்டறைக் கண் அப்படியே தெரிகிறது. விபத்தில் அடிபட்டவனை ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தில் ரத்தம் வீணாகிறது. அப்படியானால் ரத்தம் ஹெலிகாப்டரிலேயே இருக்க வேண்டும். கெடாமல் குளிர்ச்சியாக, ஏற்றுவதற்குத் தயாராக. பிராண்ட்ஸ் ஹாட்ச் இருக்கும் அதே கென்ட் வட்டாரத்தில் பறக்கும் வான்வழி ஆம்புலன்ஸில் அந்த வசதியைச் செய்ய அறக்கட்டளை பணம் கொடுத்தது.

2015இல், எண்பத்தோரு வயதில், பக்மோர் பார்க் கார்ட் டிராக்கை ஜான் சர்டீஸ் எடுத்து நடத்தத் தொடங்கினார். ஹென்றி சிறுவனாக ஓட்டிப் பழகிய டிராக் அது. ஊர்ப்பட்ட பிள்ளைகள் அப்பாக்களோடு வந்து இறங்கும் இடம். மகனைப் பறித்த விளையாட்டுக்கு இன்னும் பிள்ளைகளைச் சேர்க்கிறாரே என்று நினைக்கத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளைகள் எப்படியும் ஓட்டத்தான் போகிறார்கள் என்பது பதினான்கு வயதில் சைடுகாரில் ஏறிய அவருக்குத் தெரியாதா? 2017 மார்ச்சில் அவர் இறக்கும்வரை அந்த டிராக் அவர் பொறுப்பில்தான் இருந்தது.